நான்கு மில்லிமீட்டர்

ஜூன் மாதம், விடிகாலை.
லாஜெஸ் ஊர்ப் புல்லெல்லாம் உறைபனி.
எங்கள் வீட்டு ஷவர்
ஒருமுறை இருமி
நீலமாய் ஒரு பொறி விட்டு
கருகிய பிளாஸ்டிக் நாற்றத்தோடு
தன் பதினோராவது குளிர்காலத்தில் ஓய்ந்தது.

தலை நிறைய நுரையோடு துர்வால் போட்ட கத்தல்
மூன்றாம் வீட்டு நாய்க்குக் கேட்டது.
அது பதில் சொன்னது.
காப்பிக்கு வைத்திருந்த வெந்நீரில்
நுரையைக் கழுவிக்கொண்டார்.
அன்று எனக்குக் காப்பி இல்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனோம்.
சுவர் முழுக்க வெள்ளைத் தலைகள்,
அடியில் யாராவது வந்து நிற்கட்டும் என்று குனிந்தபடி.
நாலாயிரத்து அறுநூறு வாட்.
ஐயாயிரத்து ஐந்நூறு.
ஏழாயிரத்து ஐந்நூறு.
கோடை, குளிர் என்று இரண்டே நிலை உள்ளது,
நான்கு நிலை உள்ளது,
திருகத் திருகச் சூடேறுவது.
ஒன்றில் விளக்கு வேறு:
நீரின் சூட்டுக்கேற்ப நிறம் மாறுமாம்.
"குளிக்கிறவனுக்குத் தெரியாதா?" என்றார் துர்வால்.

அவருக்குச் சூடு வேண்டும்.
காகித ஆலையின் ஈரக்கூழ் அருகே
இரவெல்லாம் நின்று வருகிற உடம்பு,
தோல் சிவந்தால்தான் குளித்ததாக நம்பும்.
எனக்கு நீர் வேண்டும்,
நிறைய,
தோள்மேல் கனமாக.

விற்கிற பையன் எவெர்த்தோன் சிரித்தான்.
"சூடு வேண்டுமென்றால் குழாயைக் குறையுங்கள்.
நீர் வேண்டுமென்றால் சூட்டை மறந்துவிடுங்கள்.
இரண்டும் வேண்டுமென்றால் ஏழரைதான்."
இருபத்தாறு வருடமாக
ஒரே குழாயை அவர் மூடித் திருக
நான் திறந்து திருகியிருக்கிறேன்.
இதற்கு ஒரு எண் இருந்திருக்கிறது.

அப்புறம் கேட்டான்:
"சுவருக்குள் கம்பி என்ன தடிமன்?"

கல்யாண நாளைக் கேட்டிருந்தால்கூட
நான் அப்படி விழித்திருக்க மாட்டேன்.
துர்வால் அதற்கும் விழித்திருப்பார்.

வெறுங்கையோடு திரும்பி
மின்சாரத்தை நிறுத்தி
ஸ்டூல்மேல் ஏறி மூடியைக் கழற்றினார்.
நான் டார்ச் பிடித்தேன்.
கம்பி நான்கு மில்லிமீட்டர்.
ஐயாயிரத்து ஐந்நூறைத் தாங்கும். அதற்குமேல் தாங்காது.
பக்கத்தில் இன்னொரு கம்பி, பச்சை,
எதிலும் சேராமல்
முனை மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தது.

ஓ.
குழாயைத் தொடும்போதெல்லாம்
விரலில் சுருக்கென்றதே,
அதைக் குளிர் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வயரிங் பார்க்கும் நெய்தே வந்தாள்.
ஆறு மில்லிமீட்டர் கம்பி, புது பிரேக்கர்,
பச்சைக்கு மண்ணோடு ஒரு வழி.
அவள் சொன்ன தொகையில்
அந்த ஏழரை ஷவர் மூன்று வாங்கலாம்.
"கண்ணுக்கே தெரியாத கம்பிக்கா இவ்வளவு?
பழைய மாதிரியே ஒன்று வாங்கிவிடுவோம்" என்றார்.
"நிற்பது ஈரத்தில்" என்றேன்.
தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்கச் சேர்த்திருந்தேன்.
இன்னும் மிதித்தே தைக்கிறேன்.

இப்போது நீர் தடியாக விழுகிறது.
சூடும் அப்படியே.
ஜன்னலோரம் சுவரில் ஆவி வழிகிறது.

ஆனால் ஒன்று போயிற்று.
முன்பெல்லாம் காலை ஆறரைக்கு
சமையலறை பல்பு மங்கி மஞ்சளாகும்.
துர்வால் குளிக்கிறார் என்று பொருள்.
எழுந்து காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன்.
பல்பு பழையபடி பிரகாசமானால்
வடிகட்ட ஆரம்பிப்பேன்.
வந்ததும் கோப்பை இருக்கும்.
யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

புதுக் கம்பி இழுத்த மறுநாள்
பல்பு அசையவே இல்லை.
தோள் சிவக்க, ஆவி பறக்க வந்து நின்று
காலி மேஜையைப் பார்த்தார்.
"குளிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே."
"நீதானே எப்போதும் தெரிந்துகொள்வாய்?"
பல்பைப் பற்றி அவருக்குத் தெரியாது.
நான் சொல்லவும் இல்லை.

இப்போதெல்லாம் குழாயைத் திறக்கும்முன்
குளியலறைச் சுவரில் இரண்டு முறை தட்டுகிறார்.
சில நாள் மறந்துவிடுகிறார்;
காப்பி தாமதமாகிறது.

என் முறையில் நான் தட்டுவதில்லை.
அதற்குள் அவர் தூங்கியிருப்பார்.
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு
விரலால் அதைத் தொட்டுப் பார்க்கிறேன்,
இன்னும் கொஞ்சம் பயத்தோடு.