தயாரிப்பாளர்: மற்றவை

வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்
வியாசர்பாடி குடோனுக்கு என்னை அனுப்பினார்கள்.
நனைந்த கார்களுக்கு விலை சொல்வது என் வேலை.
சீட்டுக்கு மேலே தண்ணீர் ஏறியிருந்தால் முழு நஷ்டம்,
கீழே என்றால் பாதி.
இன்ஷூரன்ஸ்காரிக்கு அவ்வளவுதான் அறம்.

ஹபீப் ராவுத்தரிடம் பத்து வண்டி. முடித்துவிட்டேன்.
மூலையில் ஒரு தார்ப்பாய்.
"அது கணக்குல இல்லம்மா,
எடம் வாங்கும்போதே கெடந்துச்சு."
தூக்கினேன்.
முதலில் ஒரு தவளை குதித்தது.

பிறகு, ஜட்கா சக்கரம் நான்கு.
ஸ்டியரிங் இல்லை, படகுச் சுக்கான் போல் ஒரு வளைந்த கம்பி.
நார் பிதுங்கும் இருக்கை.
அதன் கீழே ஒற்றை சிலிண்டர்,
இட்லிக் குண்டான் அளவு.
துப்பட்டா நுனியால் தேய்க்கத் தேய்க்கப்
பித்தளை வாய் திறந்தது:
தேவசகாயம் அன் சன்ஸ், வேப்பேரி.
எண் மூன்று.

கம்பெனி டேப்லெட்டில்
தயாரிப்பாளர் பட்டியல் உண்டு, நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
தேவசகாயம் இல்லை.
'மற்றவை'யைத் தொட்டேன்.
உடனே பச்சையாகி, அடுத்த கேள்விக்குப் போனது.
அந்தப் பச்சைதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

மிச்சமிருந்த ஏழு நாள் லீவும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு.
கட்டு அவிழ்த்தால் தும்மல்.
ஆறாம் நாள் கிடைத்தான் மனிதன்,
பிரதிவாதியாக.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.
சூளை கோவிந்தராஜுலு நாயுடுவின் பிராது:
மேற்படி மோட்டார் வண்டியில்
மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டதாகவும்
ஆனைக்கவுனி பாலத்தின் ஏற்றத்தில் அது நின்றதாகவும்
மாப்பிள்ளையே இறங்கித் தள்ள நேரிட்டதாகவும்
முடிவில் எதிரே வந்த எண்ணெய்ச் செட்டியாரின்
மாடுகளை அவிழ்த்துக் கட்டி இழுத்ததாகவும்
மானநஷ்டம் ரூபாய் இருநூற்றைம்பது.

ஓடிய நாட்களை யாரும் எழுதி வைக்கவில்லை.
நின்ற ஒரு நாளுக்குப் பதினான்கு பக்கம்.

குறுக்கு விசாரணை:
பழுது பார்க்க யாரை அனுப்பினீர்?
வீட்டிலிருந்து ஒருவரை.
பெயர்?
அடுத்த தாளைக் கரையான் வாசித்து முடித்திருந்தது.

கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில்
பதிவேடு புரட்டிய பையன் ஸ்டீபன் ரொம்பப் பொறுமைசாலி.
எம். தேவசகாயம், வண்டி செய்பவர், நீர்க்கோவை,
ஐம்பத்தொரு வயது.
பிள்ளைகள்: பெண் மூன்று.
"சன்ஸ்னு போட்டிருக்கே அக்கா?"
எனக்கும் அதே கேள்விதான், தம்பி.
கம்பெனி என்றால் சன்ஸ் வேண்டும்போல.
பித்தளையில் பொய் சொன்னால்
நூறு வருஷத்துக்கு நிற்கும்.

வழக்குக் கட்டில் ஒரு ரசீது இருந்தது.
முன்பணம் நானூறு பெற்றுக்கொண்டேன்,
சூசையம்மாள்.
'சூ'வின் சுழியை உள்ளே ஒரு சுற்று
அதிகமாகச் சுற்றும் கை.

மறுநாள் குடோனுக்குப் போய்
இருக்கைப் பலகையைக் கழற்றச் சொன்னேன்.
ராவுத்தர் ஸ்பேனரைக் கொடுத்தார், ஆளைக் கொடுக்கவில்லை.
நானே கழற்றினேன். ஒரு நகம் போச்சு.
அடிப்புறத்தில் பென்சில் கணக்கு,
சங்கிலியின் நீளம், பற்களின் எண்ணிக்கை,
ஓர் அடித்தல், மறுபடி திருத்தம்,
ஓரமாக ஓர் எழுத்து.
பென்சில் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை.
சுழி உள்ளே ஒரு சுற்று அதிகம்.

தச்சன் குறியாகவும் இருக்கலாம். சூளை என்றும் இருக்கலாம்.
ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு
ஆளை உண்டாக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும்.
சர்வேயர் நான்.
ஆனால் பாலத்தின் ஏற்றத்தில்,
மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க,
கரி படிந்த கையோடு குனிந்திருந்தது யார்?

ரிப்போர்ட்டில் 'மற்றவை' என்றே போயிற்று,
திருத்த வழி இல்லை.

எண் மூன்று என்றால்
ஒன்றும் இரண்டும் எங்கோ.
இப்போதெல்லாம் எந்தக் குடோனிலும்
மூலையைப் பார்க்காமல் கிளம்புவதில்லை.
நேற்று கொருக்குப்பேட்டையில் ஒரு தார்ப்பாயைத் தூக்கினேன்.
சிமெண்ட் மூட்டைகள்.
கல்லாகியிருந்தன.