மிச்ச ஆயுள்

அஹ்மதியில் என் வேலை இதுதான்:
எண்ணெய்க் குழாயின் பெயின்ட்டைச் சுரண்டி
ஜெல் தடவி
ப்ரோப் வைத்து
உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சம் என்று கேட்பது.
ஒலி போய்த் திரும்பும். எண் வரும்.
அதிலிருந்து குறைந்தபட்சக் கனத்தைக் கழித்து
வருடத்துக்கு எவ்வளவு அரிக்கிறதோ அதால் வகுத்தால்
மிச்ச ஆயுள்.
பதினெட்டு வருடமாக வகுக்கிறேன்.

ஒரு நாளும் அந்த ப்ரோப்பை
என் வயிற்றில் வைத்துப் பார்க்கவில்லை.

பெல்ட்டில் ஆணியால் மூன்று துளை போட்டேன்.
குப்பூஸ் தொப்பை என்றான் ஃபோர்மேன் ரகீப்.
கம்பெனி டாக்டர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்,
இரண்டு ரமலான் அதிலேயே போயிற்று.
வலிக்கவில்லை, அதுதான் அதன் சூது.
வயிற்றின் பின்சுவரில் இடம் நிறைய;
வாடகை கேட்காத அறையில்
ஒருவன் சாமான் சேர்ப்பது போலச்
சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது.

எடுத்தபோது ஐந்து கிலோ எண்ணூறு.
கூடவே இடது சிறுநீரகம்,
பெருங்குடலில் ஒரு சாண்.
(என் மகள் பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு.
இதை யாரிடமும் சொல்லவில்லை.)

ரிப்போர்ட்டை எங்கள் ரிப்போர்ட் போலவே படித்தேன்,
வரிக்கு வரி விரல் வைத்து.
வகை: கொழுப்பில் பிறந்து
தான் கொழுப்பென்பதையே மறந்துபோன சதை.
அளவு: இருபத்தேழு சென்டிமீட்டர்.
தரம்: மூன்றில் இரண்டு.
எண்ணிக்கை: ஒன்றே.
வயது நாற்பத்தாறு, அது எனக்குச் சாதகமாம்,
இந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக.
உடைந்து சிந்தவில்லை.
விளிம்பு

விளிம்பில் விரல் நின்றுவிட்டது.
வெட்டியெடுத்ததற்கு மை பூசித்தான் பார்ப்பார்களாம்.
மையும் கட்டியும் தொட்டுக்கொண்டால் கெட்ட சேதி.
எல்லாப் பக்கமும் விலகித்தான் இருந்தன.
பின்னால், இடுப்புத் தசையை ஒட்டி,
ஓரிடத்தில் மட்டும்
தொடுகின்றன.

வெல்டில் முடியளவு கீறல்.
எனக்கா தெரியாது?

டாக்டர் ஹனான் ஒரு தாளை விரித்தார்.
ஆறு கோடு, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி.
கூட்டினால், கீழே ஏழாவது கோட்டில்
ஐந்து வருடத்துக்கு இத்தனை சதவீதம்.
மூடி கழற்றாத பேனாவால் காட்டினார்.
உங்களைப் போன்ற நூறு பேரின் கணக்கு இது,
அந்த நூறில் நீங்கள் யாரென்று தாளுக்குத் தெரியாது
என்று அவர் சொன்னதைப்
பிரின்ஸி சிஸ்டர் மலையாளத்தில் சொல்ல
நான் தமிழில் வாங்கிக்கொண்டேன்.

தெரியும் மேடம்.
பன்னிரண்டு வருடம் தாங்கும் என்று
நான் கையெழுத்திட்ட லைன் மூன்றாம் வருடம் கசிந்தது.
ஒன்றரை வருடம் என்று நான் கைவிட்ட லைனில்
இன்றும் எண்ணெய் ஓடுகிறது,
மாற்ற பட்ஜெட் வராததால்.
இதைச் சொல்ல ஆங்கிலம் இருந்தது,
வாய்தான் வரவில்லை.

"அடுத்த ஸ்கேன் மூன்று மாதத்தில்."

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு:
மிச்ச ஆயுளில் பாதி கழிவதற்குள்
மறுபடி போய்ப் பார்த்துவிட வேண்டும்.
கதவைத் திறக்கும்போதே
மூன்றை இரண்டால் பெருக்கிவிட்டேன்.

லிஃப்ட் இறங்கும்வரை
அந்த ஆறைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
திரும்ப மேலே ஏறிப் போய்க் கேட்டேன்.
எல்லோருக்கும் மூன்று மாதம்தான் என்றாள் பிரின்ஸி,
"நல்ல ரிப்போர்ட்காரனுக்கும் அதுதான், சேட்டா."

தாளில் இல்லாத கோடுகள் சில.
அகாமா மார்ச் வரை.
செண்பகவடிவிடம் நான் சொன்னது, "எடுத்துட்டாங்க."
அவள் கேட்டது, "முழுசாவா?"
நெட் சரியில்லை என்று நான் வைத்தது.

பத்து வாரம் கழித்து, சைட்டில்.
பெல்ட் பழைய துளைக்கு வந்துவிட்டது.
தூசிக் காற்று. பதினாலாம் எண் லைன்.
பத்து புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
வகுத்தேன், பாதியாக்கினேன்,
மஞ்சள் பெயின்ட் பேனாவால் குழாய்மேல்
ஆறு வருடம் தள்ளி ஒரு தேதி எழுதினேன்.
கீழே, வழக்கம்போல, என் இனிஷியல்.

ஆஸ்பத்திரி ஜெல் குளிரும்.
இதைத் துடைத்தேன்.
வெயிலில் சுட்டது.