தளும்பல்

எழுத்துக்கு மூன்று ரூபாய், தங்க நிறத்தில்.
முதுகில் இருபதுதான் கொள்ளும் என்றேன்.
அவள் பெயரே பன்னிரண்டு, இங்கிலீஷில்:
வண்டிமலச்சி.
"பேரைக் குறைக்காதிய அக்கா,
தலைப்பை வேணா வெட்டிக்கிடுவோம்."

அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்த்தாப்பில் கடை.
ஜெராக்ஸ் மிஷின் இரண்டு,
ஒன்றுக்கு எப்போதும் காய்ச்சல்.
ஆய்வேடுகளை நான் படிப்பதில்லை, எண்ணுவேன்.
இறால் பண்ணை, கூட்டுறவு வங்கி, சேரர் காசு
எல்லாம் எனக்கு இருநூற்றுச் சொச்சம் பக்கம், ஐந்து பிரதி.

இவளுடையதில் ஒரு படம் கையை நிறுத்தியது.
உருண்டையாய் ஒரு தொட்டி, பாதி திரவம்.
திரவம் அடியில் இல்லை,
சுவரைப் பிடித்து ஏறி உட்கார்ந்திருந்தது.
"இந்தப் பக்கம் தலைகீழா அச்சாயிருக்கும்மா."
"இல்லக்கா. அங்க கீழ்னு ஒண்ணு கிடையாது."

மிஷின் சூடாகும்வரை சொன்னாள்.
மேலே போனதும் ராக்கெட் இன்ஜினை ஒருமுறை அணைப்பார்களாம்.
எரிபொருள் தன் பாட்டுக்கு அலையுமாம்.
மறுபடி மூட்டும்போது குழாய் வாயில் அது இருக்க வேண்டும்,
காற்றுக்குமிழ் இருந்தால் தீர்ந்தது.
நிறைகுடம் தளும்பாதே என்றேன், ஏதோ சொல்ல வேண்டுமே என்று.
"நிறைகுடத்தால தொந்தரவே இல்லக்கா.
மேல போறது எல்லாம் குறைகுடம்தான்,
போகப் போகக் குறையும்."

அப்போது வந்து நின்றது எங்கள் தண்ணீர் லாரி.
பொன்னையா இறங்கி, டீயை ஊதி ஊதிக் கேட்டார்,
பிறகு கேட்டார்:
"இதுக்கா அஞ்சு வருசம்?"
எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.
அவளோ லாரியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார்.
உள்ளே நெடுக்க மூன்று தகடு,
தகடு முழுக்க ஓட்டை, ஓட்டைகளின் ஓரம் துரு.
"இது இல்லாமப் பாதி லோடோட வளைவுல திரும்பினா
வண்டி நம்மகிட்டச் சொல்லிக்காமப் படுத்துரும்."
அவள் தலையை உள்ளே விட்டபடி சொன்னாள்,
குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல்:
"இந்த ஓட்டைக்கு எங்க கம்ப்யூட்டர் பதினோரு நாள் ஓடிச்சு."

அன்று தென்காசி ரோட்டில் இரண்டு நடை போனார்கள்.
பிரேக் போடும்போதெல்லாம்
அவள் போன் ஸ்டியரிங் பக்கத்தில் கிடந்து கோடு கோடாய் வரைந்ததாம்.
டீசல் காசு கேட்காத மனுசன்
அன்றைக்கும் கேட்கவில்லை, எனக்கு அதுவே ஆச்சரியம்.

கடைசிப் பிரதிக்கு வந்தபோது நன்றிப் பக்கம் மட்டும் மாறியிருந்தது.
வழிகாட்டி, துறைத்தலைவர், அம்மா,
பிறகு பொ. பொன்னையா, தண்ணீர் லாரி ஓட்டுநர்.
காட்டினேன்.
"இதுக்கும் எழுத்துக்கு மூணு ரூபாயா?" என்றுவிட்டுக் கை கழுவப் போனார்.

வாய்மொழித் தேர்வு முடிந்தது, லட்டு கொடுத்தாள்.
இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில்
மணிக்கணக்குச் சம்பளம்.
மகேந்திரகிரிக்கு விண்ணப்பம் போட்டு எட்டு மாதம்.
போன வாரம் சான்றிதழ் நகல் எடுக்க வந்தவளுக்குப்
பணகுடியிலிருந்து அம்மாவின் அழைப்பு:
"ஏட்டி, கேளு."
ஜன்னல் பக்கம் போனைப் பிடித்திருப்பார்கள் போல.
மலையில் இன்ஜின் சோதனை.
ஓட்டுக்கூரையில் மழை இறங்குவதுபோல ஓர் இரைச்சல்,
நடுவே எவர்சில்வர் தட்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம்.
கடையில் நின்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.
அவள் வாட்சைப் பார்த்து நொடி எண்ணினாள்.
எத்தனை என்று சொல்லவில்லை.
நாற்பது ரூபாய் ஆச்சு, சில்லறை இல்லை,
பிறகு தருகிறேன் என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

ராத்திரி பொன்னையாவோடு வந்தேன், கடைசி நடை, பாதி லோடு.
பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
பிரேக்.
வண்டி நின்றது.
முதுகில் ஒரு தள்ளு.
"இரு," என்றார் அவர், "இன்னொண்ணு இருக்கு."