மைக்கின் முதுகு

சவுண்ட் சர்வீஸ் குணசீலன்
மூன்று மைக்குகளை ஒரு பழைய லுங்கியில் சுற்றித் தந்தார்.
"வியாழன் வரைக்கும் வெச்சுப் பாருங்க.
பெட்டி மேல எழுதியிருக்கறத நம்பாதீங்க.
உங்க வாய்க்கு எது ஒத்துவருதோ, அது."

கையிலிருப்பது நாலாயிரத்து முந்நூறு.
ஸ்டாண்டும் அதற்குள் வந்தாக வேண்டும்.

இரண்டு வருடமாகப் போனில்தான் படிக்கிறேன்,
குரூப் நாலு பாடத்தை,
கண் தெரியாத பதினோரு பேருக்கு.
ஏற்காட்டிலிருந்து மெர்லின் சொன்னாள்:
"அக்கா, நீங்க பேசறப்ப
உங்களுக்குப் பின்னால ஒரு பக்கெட்டும் பேசுது."

குகையில், இரவு பத்தரைக்கு மேல்
லாரிகள் கொஞ்சம் இரக்கம் காட்டும்.
ஜன்னலில் பவானி ஜமுக்காளம் கட்டினேன்.
ஃபேனை நிறுத்தினேன்.
சுவரில் சாய்ந்துகொண்டு
ஆரம்பித்தேன்: பாப்பாரப்பட்டி, பாப்பாரப்பட்டி,
வாழை, வாளை, வாலை.

முதல் மைக் மலிவு.
'ப' வந்தால் குண்டு வெடித்தது.
'சட்டசபை' என்றேன்,
காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது.
லுங்கிக்குள் திரும்பிப் போனது.

இரண்டாவதற்கு
நாற்பத்தெட்டு வோல்ட் தனியாக ஊட்ட வேண்டும்,
அந்தப் பெட்டி தனி விலை.
உள்ளே முடியைவிட மெல்லிய சவ்வு,
அதன்மேல் தங்கப் பூச்சாம்.
வாங்க முடியாது என்று தெரிந்தேதான் படித்தேன்,
அடிப்படை உரிமைகள் முழுசாக.

பிறகு ஹெட்போனில் கேட்டால்
என் எச்சில் கேட்கிறது.
ட்யூப்லைட்டின் முனகல்,
பல்லி, பாத்ரூம் குழாயின் ஒற்றைச் சொட்டு,
ஒரு வரி தொடங்குமுன் நான் இழுக்கிற மூச்சு,
இவ்வளவு பயத்தோடா படிக்கிறேன்?

அப்புறம் சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம்
கொலுசுக்கு முத்து கோர்க்கிற சத்தம்,
பொடி இடுக்கி தட்டில் விழுகிற சத்தம்.
மாதேஸ்வரி.
ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு, அதனால் ராத்திரியும் வேலை.
"தண்ணி வந்துச்சா?"
"இன்னும் வரலை."
ஆறு வருடத்தில் நாங்கள் பேசியது இதுதான்.

"பிரிவு பதினான்கு" என்கிறது என் குரல்.
"பதினாலு" என்கிறது சுவர்.
"சட்டத்தின் முன் சமம்."
டிங்.
"முன் சமம்."

நான் வால்யூமைக் கூட்டினேன்.
தூக்கக் கலக்கத்தில் ஓரிடத்தில் நான்
"பிரிவு பதினெட்டு, தீண்டாமை ஒழிப்பு" என்றிருக்கிறேன்.
முத்துச் சத்தம் நின்றது.
"பதினேழு" என்றது சுவர்,
மெதுவாக,
எனக்குக் கேட்காது என்ற நிச்சயத்தோடு.

மறுநாள் குணசீலனிடம்
சுவரில் ஆள் பேசுது என்று மட்டும் சொன்னேன்.
"மூணாவது எடுங்க. முன்னாடிதான் அதுக்குக் காது,
முதுகுல கிடையாது.
நீங்க சாஞ்சு உட்கார்ந்தா மைக் சுவரப் பாக்கும்.
மாத்தி உட்காருங்க,
அது முதுகு சுவருக்கு, உங்க முகம் அதுக்கு."

மூவாயிரத்து அறுநூறு.
பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத மைக்.
'ழ' கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பொய் சொல்லவில்லை.
ஸ்டாண்டுக்கு அண்ணன் மகனின் கேமரா முக்காலி.

இப்போது சுவரைப் பார்த்தபடி படிக்கிறேன்.
எனக்கும் சுவருக்கும் நடுவில் மைக்.
அதற்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்பதில்லை.
பதிவில் ஒரு டிங் கூட இல்லை.

இரண்டாவது மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
அந்த ஒரு ஃபைலை மட்டும் அழிக்கவில்லை.

ஞாயிறன்று மெர்லின் கூப்பிட்டாள்.
"பக்கெட் போயிடுச்சு அக்கா, சூப்பர்.
ஆனா என்ன, ஒவ்வொரு வரிக்கு அப்புறமும்
கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்க?"

மைக் புதுசு,
பழகணும் இல்லையா, என்றேன்.