ஐந்து

எங்கள் நாட்டுச் சுழல்தட்டில் எண்கள் தலைகீழ்.
இங்கிலாந்தில் ஒன்று இருக்கும் துளையில்
நியூசிலாந்தில் ஒன்பது இருக்கும்.
இங்கே இரண்டைச் சுழற்றினால்
கம்பியில் எட்டுத் துடிப்புகள் போகும்.
ஏன் என்று கேட்டால்
ஒவ்வொரு சேகரிப்பாளனும் ஒரு கதை வைத்திருக்கிறான்.
நான் கேட்ட நாலு கதையும்
ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

ஒமாருவில் ஜூலை மாதம்.
பாலாடைக்கட்டி ஆலையில் இரவு ஷிப்ட் இல்லாத நாள்.
எத்தனை சோப்பு போட்டாலும் மோர் வாசம் போகாத விரல்களால்
கொட்டகையில் உட்கார்ந்து
நாற்பத்தோராவது போனைத் திறந்தேன்.
உள்ளே ஒரு கொண்டை ஊசி,
சிலந்தி காலி செய்துவிட்டுப் போன வீடு,
பச்சை பூத்த இரண்டு மணிக் கிண்ணங்கள்.
சுழல்தட்டு மட்டும் இல்லை.
பல் பிடுங்கிய வாய்.

லீட்ஸிலிருந்து ஒன்றை வரவழைத்திருந்தேன்.
'எண்கள் உங்களுக்கு மாறி இருக்கும், தெரியுமல்லவா?'
என்று சீட்டு வைத்திருந்தார் விற்றவர்.
தெரியும் என்று பதில் போட்டேன்.
தெரியும்தான்.

அன்று சாயங்காலம்
ரொட்டி டப்பாவைத் திறந்த நைரி
இரண்டு ரிசீவர்களைக் கையில் எடுத்து
ரொட்டி எங்கே என்றாள்.
சிரித்திருக்கலாம் நான்.
இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்பவை
இவை மட்டும்தான் என்றேன்.
அவள் கதவை அறைந்து சாத்தியிருந்தால்
தாங்கியிருப்பேன்.
தாழ் விழும் சத்தம்கூட இல்லாமல் சாத்தினாள்.

அதன் பிறகு கொட்டகையில்
கைக்கு வேலை கொடுத்தேன்.
வேகத்தைக் கட்டுப்படுத்தும் குட்டிச் சக்கரத்தைப்
பெட்ரோலில் முக்கி, துடைத்து,
ஊசிமுனையில் ஒரு சொட்டு எண்ணெய்.
வினாடிக்குப் பத்துத் துடிப்பு,
பதினொன்றானால் இணைப்பகம் குழம்பும்.
பேசும் முனையில் கரித்தூள் கட்டி தட்டியிருந்தது.
மேசை விளிம்பில் இரண்டு தட்டு.
ஹலோ என்றேன். என் காதிலேயே விழுந்தது.

மாடிப்படிக்கடியில் நானே கட்டிய இணைப்பகம், பத்து லைன்.
முன்னறை இரண்டு. சமையலறை ஏழு.
குளியலறைக்கு நாலு, அது வேறு சண்டை.
எட்டு, வேலிக்கு மேலே கம்பி இழுத்துப்
பக்கத்து வீட்டு ஃபெலெட்டிக்கு,
ரக்பி நடக்கும்போது திட்டிக்கொள்ள.

நள்ளிரவுக்குச் சற்று முன்
முன்னறை விளக்கு இன்னும் எரிந்தது.
புதுத் தட்டில் விரலை விட்டு
இரண்டைச் சுழற்றினேன்.
மணி அடிப்பது கேட்டது.
எடுக்கும் சத்தம். மூச்சு.
அவள் பேசுமுன் சொல்லிவிட வேண்டும் என்று
ஒரே மூச்சில் கொட்டினேன்:
தப்பு என்னுடையது. அப்போதே தெரியும்.
வாய் வரவில்லை. மன்னித்துவிடு.

மறுமுனையில் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு தூக்கக் கலக்கத்தில் கனத்த ஒரு குரல்:
'பதினோரு மாதம் ஆச்சு, தம்பி.
காற்று தள்ளிவிட்டது என்றாயே.
அந்தக் காற்றுக்கு உன் காரின் நிறம்
எப்படி வந்தது என்று
நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.'

அவன் தன் கையால் செதுக்கிய தபால்பெட்டி.
இந்த ஊர் வெள்ளைக்கல்.
பின்னோக்கி எடுத்தபோது
ஒரு மெத்தென்ற இடி,
தெருவில் யாருமில்லை.

ராங் நம்பர் என்று சொல்ல வாய் திறந்தேன்.
சொல்லவில்லை.
சனிக்கிழமை கல் எடுத்து வருகிறேன் என்றேன்.
'சிமெண்டும்' என்றான். வைத்துவிட்டான்.

முன்னறை விளக்கு அணைந்திருந்தது.

காலையில் நைரி வேலைக்குப் போய்விட்டாள்.
எட்டு எப்படி அலறியது என்று
ஃபெலெட்டி வேலியோரம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.
முன்னறைப் போனின் நடுவட்ட அட்டையில்
இரண்டு அழிக்கப்பட்டு
பென்சிலில் ஐந்து.
படிக்கடியில் போய்ப் பார்த்தேன்,
கம்பியையும் மாற்றிச் செருகியிருந்தாள், சரியாக.

இங்கிருந்து எண்ணினாலும்
அங்கிருந்து எண்ணினாலும்
ஐந்து ஐந்துதான்.

ரொட்டி டப்பாவில் ரொட்டி இருந்தது.
ரிசீவர்கள் எங்கே என்று
இன்னும் கேட்கவில்லை.