அனாமத்து

போட்ட காசுக்கு ஈடா இருந்துச்சா
என்று கேட்டாள் எதிர்வீட்டு மெர்லின்.
அவள் பிள்ளைகளும் ஒரு வருஷமாக நச்சரிக்கிறார்கள்.
கூட்டுறவுச் சங்கத்தில் பதினாறு வருஷமாகக்
கணக்கு எழுதுகிறவள் நான்.
பதில் வராமல்
பால் பொங்குகிறதென்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

மே மாதம். வலங்கைமானிலிருந்து பாபநாசம் வரை
எனக்கும் மகளுக்கும் காசில்லாத பஸ்.
அன்றைக்கு இலவசமாய்க் கிடைத்தது அது ஒன்றுதான்.
குடமுருட்டிப் பாலத்தில் ஏறும்போது பார்த்தேன்,
ஆற்று மணலில் யாரோ பனியன் காயப்போட்டிருந்தார்கள்.
நாங்கள் தண்ணீரில் விளையாடப் போகிறோம்,
வல்லம் தாண்டிச் செம்மண் பொட்டலுக்கு.

வாசல் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி,
கழுத்தில் சிவப்புக் கோடு.
நாலடிக்குக் கீழே ஐந்நூறு, மேலே எண்ணூற்றைம்பது.
"லேசா மடங்கி நில்லுடா" என்று
குணசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல,
லோகித் முதுகை நிமிர்த்தி
குதிகாலையும் கொஞ்சம் தூக்கி நின்றான்.
கோட்டுக்குக் கீழே இருப்பவனைப்
பெரிய சறுக்கில் விடமாட்டார்களாம்.
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு
என் பிள்ளை வளர்ந்துவிட்டான்.

தக்காளி சோற்றுத் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு
டோக்கன் கொடுத்தார்கள்.

உடை மாற்றும் வரிசையில்
தர்ஷிகா என் துப்பட்டாவை இழுத்துக்
காதில் சொன்னாள்.
நாலு நாள் முன்னாலேயே.
கவுண்டருக்கு ஓடினேன்.
"பட்டை கட்டிட்டா ரீஃபண்ட் கிடையாதுக்கா."
சொன்ன பெண்ணுக்கு இருபது வயதிருந்தால் அதிகம்.
பிறகு குரலைத் தாழ்த்தி, நாப்கின் எங்கே விற்கும் என்று
கை காட்டினாள்.
நாற்பது ரூபாய்ப் பாக்கெட், உள்ளே எண்பது.

ஆக, ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு
ஒரு சிமென்ட் பெஞ்சு.
மேலே ஃபைபர் காளான், அதன் நிழல் இன்னொருவர்மேல்.
செருப்பு, பை, போன் எல்லாவற்றுக்கும் நாங்கள் காவல்.
முதல் ஒரு மணி நேரம் அவள் பேசவில்லை.
நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்:
லோகித்தின் வேன் காசு இரண்டு மாதம்,
குழுக்கடனில் ஒரு தவணை,
இவர் இன்று காயில் கட்டாமல் விட்டுவந்த
இரண்டு மோட்டார்.

திடீரென்று பக்கத்தில் எங்கள் சங்கச் செயலாளர் குரல்.
"ஏம்மா, அந்த நகைக்கடன் லெட்ஜர்
நடந்து வருதா, பஸ்ல வருதா?"
மூக்கால் இழுக்கும் அந்தக் கடைசி 'தா'.
தூக்கிவாரிப்போட்டது.
தர்ஷிகா.
ராத்திரியில் நான் போனில் பேசும்போதெல்லாம்
முகத்தைத் திருப்பிக்கொண்டு படிக்கிறாளே,
அங்கிருந்து பிடித்திருக்கிறாள்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
வட்டி தள்ளுபடி கேட்டு வந்தவரை அவர் விரட்டுவது,
டீ ஆறிப்போனதற்கு அவர் வருந்துவது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில்
பக்கத்துக் குடும்பம் இடம் மாறி உட்கார்ந்தது.

அப்போதுதான் மஞ்சள் குழாயிலிருந்து
"அம்மா" என்று அலறிக்கொண்டு
ஒரு ஆள் வந்து விழுந்தார்.
கண்ணாடி இல்லாமல், நைலான் டவுசரில்.
பதினேழு வருஷத்தில் குணசீலன் கத்தி
நான் கேட்டதில்லை.
சின்னவன் பின்னால் வந்து விழுந்து,
"பயந்துட்டாங்க" என்றான், ஊருக்கே.

திரும்பும்போது டோக்கனைக் கொடுத்துத்
தூக்கை வாங்கினோம். ஊசிப்போயிருந்தது.
பஸ் நிறுத்தத்து நாய் மோந்து பார்த்துவிட்டு
யோசித்துச் சாப்பிட்டது.

மொத்தம் ஆறாயிரத்து நூற்றிருபது.
வரிசையில் நின்றதைக் கழித்துவிட்டால்
லோகித் சறுக்கியது மூன்று நிமிஷம்.
நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து நாற்பது.
இந்த விலைக்கு யாரும் எதையும் வாங்கக்கூடாது,
மெர்லினிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.
அவன் கைப்பட்டையை இன்னும் அறுக்கவிடவில்லை,
குளிக்கும்போது கையை மேலே தூக்கிக்கொள்கிறான்.

வீட்டு நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது?
கல்வி இல்லை, மருத்துவம் இல்லை,
வீண் என்று எழுதப் பேனா போகவில்லை.
சங்கத்தில் இன்னதென்று தெரியாத தொகையை
அனாமத்தில் வைப்போம்.
அங்கே வைத்தேன்.

திங்கட்கிழமை செயலாளர் கண்ணாடியை இறக்கி,
"ஏம்மா, அந்த லெட்ஜர்" என்று தொடங்கினார்.
உதட்டைக் கடித்தும் நிற்கவில்லை.
"என்னம்மா?"
ஒண்ணுமில்ல சார்.
வருதா என்று அவர் கேட்கும்வரை
காத்திருந்தேன்.