அடித்தகடு

மூன்றாவது மேட்டைத் தாண்டி மூக்கால் இறங்கியது.
இறங்கியது என்பது மரியாதைக்கு.
குத்தியது.
எரிமலைச் சாம்பல் கலந்த மண் முழ உயரம் எழும்ப,
வேலிக்கு அப்பால் மாடுகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி மேய்ந்தன.

தெற்குச் சிலி, ஓசோர்னோ, ஜனவரி வெயில்.
இறுதிப் போட்டிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம்.
முழங்கை நீள ரிமோட் காரைக் குப்புறப் போட்டு
அதன் வயிற்றில் இரும்பு ஸ்கேலை நிறுத்தினேன்.
ஸ்கேலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வெளிச்சம்,
ஒரு தபாலட்டை நுழையுமளவு.
முன்பக்கத் திருகுத் துளையிலிருந்து கிளம்பி ஒரு கோடு.
அழுக்கென்று நினைத்து நகத்தை ஓட்டினேன்.
நகம் மாட்டியது.

அடிபட்டது அடி என்றால்
மேலே எதைச் சரிசெய்தும் பயனில்லை.
அலுமினியத்தைத் தட்டி நேராக்கலாம்.
நேராக இருப்பதுபோல் நடிக்கும்,
அடுத்த மேடு வரைக்கும்.
புதுத் தகடு சாண்டியாகோவிலிருந்து வர நான்கு நாள்.

அப்போது ரெமிஹியோ கத்ரிலெஃப் வந்து நின்றார்.
பால் டேங்கர் ஓட்டுகிறவர்.
விடிகாலையில் அவர் கொண்டுவரும் மாதிரிக் குப்பிகளில்
கொழுப்பை அளப்பது என் வேலை.
எட்டு வருஷம். பேசிக்கொண்டதெல்லாம் சேர்த்தால்
ஒரு குப்பி நிறையாது.
காலைச் சுற்றில் அவர் மோட்டார் புகைந்துவிட்டது.
தம் காரை என் மேசையில் வைத்து,
"எலியானா, இதைக் கழற்றிக்கொள்ளுங்கள்" என்றார்.
நான் வாய் திறப்பதற்குள்
பூசணி ரொட்டி பொரிக்கிறவளிடம் போய்விட்டார்.

கழற்றுவது சுலபம்.
இரண்டு காரைக் கலக்காமல் கழற்றுவதுதான் பாடு.
முட்டை அட்டையின் குழிகளில் திருகுகள்:
முன்னது எட்டு, பின்னது எட்டு, நடு டிஃபரென்ஷியலுக்கு நான்கு,
எதற்கென்று தெரியாத ஒன்று.
ஒரு திருகின் தலை மழுங்கி
ஆலன் சாவி சும்மா சுற்றியது.
ரம்பத்தால் தலையில் கோடு கிழித்து,
தட்டைத் திருப்புளி கொடுத்து, மூச்சைப் பிடித்து,
கிறீச்.
சர்வோ ஒயர் எந்த வழியாகப் போகும் என்று
கைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

கடைசியில் அவர் தகடு மட்டும் வெறுமையாய் என் கையில்.
துடைத்தேன். திருப்பினேன்.
கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி தெரிந்ததெல்லாம்
பின்பக்கம், இடது மூலை.
வலது மூலையில் கடைக் கறுப்பு அப்படியே.

மூன்று பருவமாய் அந்த மேட்டில் அவர் என்னை முந்துவதை
அதிர்ஷ்டம் என்றேன், டயர் என்றேன்,
ஒருதரம் நடுவருக்குச் சொந்தம் என்றுகூட.
அவரோ காற்றிலேயே காரைத் திருப்பி
இடது பின்சக்கரத்தை முதலில் ஊன்றி,
நான் தரை தொடும் நேரத்தில்
வளைவுக்குள் போயிருக்கிறார்.
எல்லாம் எழுதியிருந்தது,
யாரும் குனிந்து படிக்காத இடத்தில்.

திருகுக்கு ஒரு துளி நீலப் பசை.
ஸ்கேலை வைத்தேன். வெளிச்சம் இல்லை.
பதினோரு நிமிடம் மீதம்.
எதற்கென்று தெரியாத அந்த ஒன்று
அட்டையிலேயே இருந்தது.

மேட்டில் நானும் திருப்பிப் பார்த்தேன்.
முதல்முறை உருண்டது.
மறுமுறை தப்பான மூலை தரையில் அறைந்தது.
அப்புறம் எனக்குத் தெரிந்தபடி, நேராக, பயந்து.
பத்துப் பேரில் ஏழாவது.

வியாழக்கிழமை புதுத் தகடு வந்தது.
அவருடையதைக் கழற்றினேன்.
இடதில் அவர் கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்று, ஒரே திசையில்.
வலதில், ஆளில்லாத கறுப்பில்,
என்னுடையது ஒன்று: குறுக்கே, ஆழமாய்.
உப்புத்தாளை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

வெள்ளி விடிகாலை
குப்பிகளை வாங்கிக்கொண்டு
செய்தித்தாளில் சுற்றியதை நீட்டினேன்.
டேங்கர் விளக்கின் கீழே பிரித்தார்.
மேல்பக்கம் பார்க்கவேயில்லை.
நேராகத் திருப்பினார்.